சுருக்கிச் சொன்னது

ஜன்னலை மூடட்டுமா கண்ணு? காத்து மூஞ்சியிலயே அடிக்குது. இல்ல, உனக்கு வேணும்னா தொறந்தே இருக்கட்டும். நான் அழுதது உனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஓசூர்ல பஸ் கெளம்புனதுல இருந்து நீ ஓரக்கண்ணுல பார்த்துக்கிட்டேதான் வர்றே. கேக்கறதுக்குச் சங்கடப்படறே. கேளு கண்ணு, அதுல ஒண்ணும் தப்பில்ல. கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்குது.

என்ற தம்பியப் பார்த்துட்டு வர்றேன். திருமூர்த்தின்னு பேரு. ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை. எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். பொறப்புலயே காது கேக்காது, அதனால பேச்சும் வரலை. ஆனா எனக்கும் அவனுக்கும் பேச்சு உண்டு. கைப்பேச்சு. யாரும் சொல்லிக் குடுக்கலை, நாங்களா உண்டாக்கிக்கிட்டது. அவன் நடக்கப் பழகுற வயசுலயே எங்கம்மா போயிருச்சு. அப்பா மில்லுக்குப் போயிருவாரு. வீட்டுல நானும் அவனும்தான். பசிக்குது, வலிக்குது, அப்பா கோவமா இருக்காரு, இன்னைக்குக் குழம்புல உப்பு சாஸ்தி, எல்லாத்துக்கும் எங்ககிட்டக் கை இருந்துச்சு. ஊர்ல வேற யாருக்கும் அது புரியாது.

அதனால எங்க போனாலும் அவனுக்குப் பேசறது நான்தான். ஆஸ்பத்திரி, ரேசன் கடை, பேங்கு. டாக்டர் அவனைப் பார்த்து எங்க வலிக்குதுன்னு கேப்பாரு. அவன் கையைத் தூக்கறதுக்குள்ள நான் சொல்லிப்போடுவேன். எனக்குத் தெரியாதா அவனுக்கு எங்க வலிக்கும்னு? எல்லாரும் சொல்லுவாங்க, அம்சவேணி மாதிரி ஒரு அக்கா கெடைக்க அவன் குடுத்து வெச்சிருக்கணும்னு. அம்சவேணி நான்தான்.

ஐ.டி.ஐ. முடிச்சுட்டு எங்க ஊருக்குப் பக்கத்துலயே ஒரு பம்பு கம்பெனியில சேந்தான். லேத் மெஷின். நான்தான் போய்ப் பேசிச் சேத்துவிட்டேன். நல்ல வேலைக்காரன் கண்ணு. மெஷின்னா அவனுக்கு உசுரு. தரை அதிர்றது கால் வழியா ஏறி நெஞ்சுக்கு வருதுன்னு நெஞ்சத் தொட்டுக் காட்டுவான். எனக்கென்ன தெரியும் அதெல்லாம், சிரிச்சுக்குவேன். என் கல்யாணத்துக்கு அப்பறமும் அவன் என்கூடத்தான் இருந்தான். பொழுதோட வீட்டுக்கு வந்தான்னா கையெல்லாம் எண்ணெய் நாத்தம். அந்தக் கையோடவே அன்னைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சுருவான். கையக் கழுவிட்டு வந்து சொல்லுடான்னு நான் வெரட்டுவேன்.

அப்பறந்தான் அந்தக் கண்டம் வந்துச்சு. ஃபோர்க்லிஃப்ட்டுன்னு சாமான் தூக்கற வண்டி, பாத்திருப்பே. அது பின்னால வந்துக்கிட்டிருந்திருக்குது. டிரைவர் ஹாரன் அடிச்சிருக்காரு. ஹாரன் அடிச்சா இவனுக்கு? கீழ விழுந்து, பாதத்து மேலயே சக்கரம் ஏறிருச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப அந்தக் காலைத் துணி போட்டு மூடியிருந்தாங்க. துணியை விலக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இன்னைக்கும் சோத்துல கை வெச்சா ஒரொரு நேரம் அது கண்ணுக்கு முன்னால வந்துரும்.

கால் பொழைச்சுருச்சு. கொஞ்சம் சாச்சு நடப்பான், அவ்வளவுதான். திரும்பி வேலைக்குப் போனான். கம்பெனியில மெஷின் பக்கம் விடலை. ஸ்டோர்ல உக்காரச் சொல்லிட்டாங்க. போல்ட்டும் வாஷரும் பொறுக்கிப் பாக்கெட்ல போடற வேலை. அதே சம்பளம். ஃபேன் காத்து. வண்டி கிண்டி ஒண்ணும் வராது. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு.

அவனுக்குப் பிடிக்கலை. மெஷினுக்கே போகணும்னு ஒரே புடியா நின்னான். வண்டி மேலயும் மெஷின் கிட்டயும் மின்னற லைட்டு வெச்சா போதும், வண்டி வர்றது எனக்குத் தெரிஞ்சுரும்னு சொன்னான். ஞாயித்துக்கெழமையானா காது கேக்காதவங்க சங்கம்னு ஒண்ணுக்குப் போவான். அங்க ஒரே கூட்டமா நின்னு கையை வீசிக்கிட்டிருப்பாங்க. அவங்க கைப்பேச்சே வேற. எனக்குப் பாதி புரியாது. அவங்கதான் இது உன்ற உரிமை, கேளுன்னு ஏத்திவிட்டாங்க. மனு எழுதிக் குடுத்துட்டான். லேபர் ஆபீஸ்ல சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டாங்க.

போனோம். ஆபீசர் ஒரு அம்மா. நல்ல மாதிரி. கம்பெனியில இருந்து மேனேஜர் சார் வந்திருந்தாரு. இவன் சலவை பண்ணின சட்டையப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போறவன் மாதிரி வந்தான். உக்காந்ததும் அந்தம்மா என்னைக் கேட்டாங்க.

"நீங்க யாரும்மா?"

"அக்காங்க. அவனுக்காகப் பேச வந்திருக்கேன்."

"சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரை ஏற்பாடு பண்றேன். இன்னொரு நாள் வெச்சுக்கலாமா? அவருக்கு அதுதான் நல்லது."

"நான் இருக்கறப்ப வெளியாள் எதுக்குங்க? அவன் கையும் நானும் ஒண்ணுதானுங்க."

அந்தம்மா அரைமனசா, சரி, அவர் என்ன கேக்கறார்னு சொல்லுங்கன்னாங்க. நான் இவன் பக்கம் திரும்பினேன். பய ஆரம்பிச்சான் பாரு. எந்திரிச்சு நின்னுட்டான். மெஷினைக் காட்டறான், வண்டியக் காட்டறான், லைட்டு இப்படி இப்படி மின்னணும்னு ரெண்டு கையாலயும் காட்டறான். தரையில கோடு போட்டு வண்டிக்குத் தனி வழி விடணும்கறான். ஸ்டோர்ல எனக்கு ஒண்ணுமே இல்ல, அது செத்த எடம்கறான். நான் கவனமா இருப்பேன், என்னை நம்புங்கன்னு அந்தம்மாவைப் பார்த்து நெஞ்சுல கை வெச்சுக் காட்டறான். நெத்தியில வேர்வை. நான் அவன் காலைப் பார்த்துக்கிட்டிருந்தேன் கண்ணு. செருப்புக்குள்ள அந்தப் பாதம் ஒரு பக்கமா மடங்கி இருந்துச்சு.

அவன் உக்காந்தான். அந்தம்மா என்னைப் பார்த்தாங்க.

நான் சொன்னேன். "மனு சங்கத்துக்காரங்க சொல்லி எழுதினதுங்க. அவன் பயந்து போயிருக்கானுங்க. ஆபத்தில்லாத எடமா ஒண்ணு குடுத்து, அதை நிரந்தரம் பண்ணிக் குடுக்கச் சொல்றானுங்க."

"இவ்வளவு நேரம் சொன்னாரே. நீங்க ஒரே வரியில முடிச்சுட்டீங்க?"

"சுருக்கிச் சொன்னேனுங்க."

பொய் சொல்லலை கண்ணு. அவனுக்குப் பயம் இருக்காதா? இருக்கும். அவனுக்கே தெரியாம உள்ள இருக்கும். நான் அதைச் சொன்னேன்.

மேனேஜர் சாருக்கு ஆச்சரியமாப் போச்சு. அவரு சொன்னாரு, "மேடம், நாங்க லைட்டு வெக்கறதுக்குத் தயாராத்தான் வந்தோம். வண்டிக்கும் வெக்கறோம், மெஷினுக்கும் வெக்கறோம். அவர் பழைய எடத்துக்கே வரணும்னா தாராளமா வரட்டும். ஸ்டோர்தான் வேணும்னாலும் சரி, எங்களுக்கு ஒண்ணுமில்ல."

இவன் மேனேஜர் வாயையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்பறம் என் கையைத் தொட்டான். என்ன சொல்றாருன்னு.

லைட்டுன்னு சொல்றாங்க. ஒரு நாள் எரியலைன்னா? பல்பு போயிருச்சுன்னா? கரண்டு போன நேரம் வண்டி வந்துச்சுன்னா? அந்த மேனேஜர் வந்து என் தம்பி காலைத் துணியப் போட்டு மூடுவாரா? நீ சொல்லு. நான் கையை அசைச்சுக் காட்டினேன். லைட்டு இல்ல. மெஷின் இல்ல. ஸ்டோர் மட்டும்தான். ஒத்துக்கலைன்னா வேலையே இல்லையாம்.

அந்தம்மா அவனையே நேராப் பார்த்து, சம்மதமான்னு தலையை ஆட்டிக் கேட்டாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சுட்டான். சண்டையில்லாம முடிஞ்சுதேன்னு அந்தம்மா எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. வெளிய வந்து அவனுக்குக் கரும்புச் சாறு வாங்கிக் குடுத்தேன். குடிக்கலை, கையில வெச்சுக்கிட்டு நின்னான். அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன் கண்ணு. அவன் கால் ஒடிஞ்சதுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் தூங்கினேன்.

எங்க வீட்டுக்காரரு அதிகம் பேசமாட்டாரு. மினி லாரி ஓட்டறாரு. நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்"னாரு. அவங்கிட்டக் கேக்கறதுக்கு என்ன இருக்குது, கொழந்தைகிட்ட மருந்து குடிக்கறயான்னு யாராச்சும் கேட்டுட்டுக் குடுப்பாங்களான்னேன். "அவனுக்கு முப்பது வயசு ஆச்சு"ன்னுட்டு வண்டியக் கழுவப் போயிட்டாரு. ஆம்பளைங்களுக்கு வெசனம் தெரியாது.

ஸ்டோர்ல இருந்தான். இளைச்சுப் போனான். பொழுதோட வந்தா கையில எண்ணெய் இல்ல, நாத்தமில்ல. சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல. நானாக் கேட்டா, போல்ட்டு, வாஷர், பாக்கெட், அப்படின்னு மூணு தடவை கையைக் காட்டிட்டுச் சாப்பிட உக்காந்துக்குவான். பழகிக்குவான்னு நெனச்சேன்.

அதுக்கப்பறம் கம்பெனிக்காரங்க அவங்களாவே லைட்டு வெச்சுட்டாங்க. வேற ஒரு காது கேக்காத பையனை வேலைக்கு எடுத்திருக்காங்க. அவனை எங்க நிக்க வெச்சாங்க தெரியுமா? இவன் மெஷின்ல. இவன் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பக்கமாப் போயிருக்கான். வண்டி வந்திருக்குது, லைட்டு மின்னியிருக்குது, அந்தப் பையன் அலுங்காம ஒதுங்கி நின்னுட்டு மறுபடி மெஷின்ல கையை வெச்சிருக்கான். இவன் பார்த்துக்கிட்டே நின்னிருக்கான். அப்பறம் நேரா மேனேஜர் ரூமுக்குப் போயி போன்ல எழுதிக் காட்டியிருக்கான். எனக்கு ஏன் இல்லை? அவரும் எழுதிக் காட்டியிருக்காரு. குடுக்கறோம்னுதானே சொன்னோம், உங்களுக்குப் பயமா இருக்குதுன்னு உங்க அக்காதானே சொன்னாங்க.

அந்த மனுசன் அதை எழுதியிருக்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்குள்ள நடந்த விசயம் அது.

வீட்டுக்கு வந்தான். நான் மாவு ஆட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு முன்னால வந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டான். மேனேஜர் லைட்டு வெக்கறேன்னு சொன்னாரா இல்லையா? நான் சொல்ல ஆரம்பிச்சேன். உன்ற நல்லதுக்குத்தான், உன்ற காலைப் பார்த்தவ நான், நீ பார்க்கலை, மயக்கத்துல கெடந்தே. என் கையெல்லாம் மாவு. அந்த மாவுக் கையோடவே சொல்லிக்கிட்டிருந்தேன்.

அவன் கண்ணை மூடிக்கிட்டான்.

உனக்குப் புரியுதா கண்ணு? நீயும் நானும் சண்டை போட்டா காதைப் பொத்திக்குவோம். அப்பவும் கொஞ்சம் கேக்கும். அவன் கண்ணை மூடினா, அவ்வளவுதான். நான் அந்த வீட்டுலயே இல்ல. அவன் தோளைப் புடிச்சு உலுக்கினேன். கன்னத்துல தட்டினேன். சின்னப் புள்ளையில அடம் புடிக்கறப்பகூட அவன் அப்படிச் செஞ்சதில்ல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் மாவோட, செவுத்துல சாஞ்சு நின்னான். கண்ணுல இருந்து தண்ணி மட்டும் வருது. தொறக்க மாட்டேங்கறான்.

அடுத்த வாரம் ஓசூர் போயிட்டான். அவன் சங்கத்துக்காரங்க அங்க வேலை சொல்லியிருந்தாங்க. காது கேக்காதவங்க நெறையப் பேரு வேலை செய்யற கம்பெனியாம். என்ற வீட்டுக்காரருக்குக் கை குடுத்தான். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினான். அதுக்கப்பறம் போன்ல எழுதி அனுப்புவான், நல்லா இருக்கேன்னு. வீடியோவுல கூப்பிட்டா எடுக்கமாட்டான். மூஞ்சி தெரியாம, கை தெரியாம நான் அவன்கிட்ட எப்படிப் பேசறது? பொங்கல் நோம்பிக்கும் வரலை.

நான் சும்மா இருக்கற ஆளில்ல. அந்த மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். கால்ல விழாத கொறையாக் கேட்டேன். தம்பிய மறுபடி எடுத்துக்கங்க, அதே மெஷினைக் குடுங்க, லைட்டுதான் இருக்குதேன்னு. அவரு யோசிச்சாரு. புதுசா இன்னொரு மெஷின் வருது, அதுல போடறேன்னாரு. "ஆனா அவர் சம்மதிப்பாரா?"ன்னு கேட்டாரு. "அவன் சம்மதமும் என்ற சம்மதமும் ஒண்ணுதானுங்க சார், ஒண்ணாந் தேதி வந்துருவான்"னு சொல்லிப்போட்டு வந்தேன். அந்தச் சந்தோசத்தை நேர்ல சொல்லலாம்னுதான் இன்னைக்குப் போனேன். அவனுக்குப் புடிக்கும்னு அரிசி முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டுப் போனேன்.

பெரிய கம்பெனி. வாசல்ல பேரு எழுதிட்டு, வர்றவங்க உக்கார்ற ரூம்ல உக்காந்தேன். வந்தான். ஆளு தேறியிருக்கான் கண்ணு. தாடி விட்டிருக்கான். சட்டையில கம்பெனிப் பேரு. கூட ஒரு பொண்ணு. நான் என்னமோ ஏதோன்னு பார்த்தேன். அந்தப் பொண்ணு வணக்கம் சொல்லி, "நான் ரெபேக்கா. இங்க சைகை மொழிபெயர்ப்பாளரா இருக்கேன். திருமூர்த்தி கேட்டதால வந்தேன்"னுச்சு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எனக்கும் அவனுக்கும் நடுவுலயா?

நான் அதைக் கண்டுக்காம அவன்கிட்டக் கையைக் காட்டினேன், எங்க கைப்பேச்சுல. இளைக்கலையே, சாப்பிடறயா, கால் எப்படி இருக்குது. அவன் பார்த்தான். பதில் சொன்னான். ஆனா வேற கையில. அந்தச் சங்கத்துக் கையில, சும்மா மளமளன்னு. எனக்கு ஒண்ணும் புடிபடலை. அந்தப் பொண்ணு வாயில வருது:

"அக்கா, நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

என்ற தம்பி என்னை நீங்கன்னு சொன்னதே இல்ல. கையில ஏது நீயும் நீங்களும்? வெரலை நீட்டினா அவ்வளவுதானே. அந்தப் பொண்ணா மரியாதை போட்டுச் சொல்லுது.

"ஏம்மா, அவன் சொன்னது அதுதானா?"ன்னு கேட்டேன்.

"அவர் சொல்றதைத்தான் சொல்வேன் அக்கா. சேர்க்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன். நீங்க சொல்றதையும் அப்படியே அவருக்குச் சொல்வேன்."

சரின்னு மேனேஜர் விசயத்தைச் சொன்னேன். வாயாலதான் சொன்னேன். என்ற தம்பிக்கு நான் வாயால சொல்லி, இன்னொருத்தி கை அதை அவனுக்குக் கொண்டுபோகுது. மெஷின் குடுக்கறாங்கடா, லைட்டு இருக்குது, ஒண்ணாந் தேதி நீ வந்துருவேன்னு வாக்குக் குடுத்துட்டேன், கெளம்புன்னேன்.

அவன் என்னை நேராப் பார்த்தான். கோவமில்ல கண்ணு. கோவமா இருந்தாக்கூடத் தேவலையே. மெதுவாத்தான் கையை எடுத்தான்.

அந்தப் பொண்ணு சொல்லுச்சு: "நான் வர்றேன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். உனக்காகத்தான் சொன்னேன்."

"அக்கா, உங்க மேல எனக்குக் கோவம் போயிருச்சு. உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். அன்னைக்கு லேபர் ஆபீஸ்ல நான் வாழ்க்கையில முதல் தடவையா எனக்காக எந்திரிச்சு நின்னு பேசினேன். நான் பேசினதை அந்த ரூம்ல ஒருத்தரும் கேக்கலை. கேட்டது நீங்க ஒருத்தர்தான். நீங்க அதை உங்ககிட்டயே வெச்சுக்கிட்டீங்க. இனிமே எனக்காக எங்கயும் பேசாதீங்க. அக்காவா வாங்க. வந்து உக்காருங்க. பேசறதை நான் பேசிக்கறேன்."

சொல்றப்ப அந்தப் பொண்ணு குரல் கம்முச்சு. அது ஏன் அழுகணும்? அதுக்கும் எங்களுக்கும் என்ன? இவ்வளவு நீட்டமா அவன் பேசியிருக்க மாட்டான் கண்ணு. எனக்குத் தெரியும் அவனை. அந்தப் பொண்ணு நாலு வார்த்தை சேர்த்துத்தான் சொல்லியிருக்கும். நடுவுல நிக்கறவங்க அப்படித்தான், அவங்க மனசுல இருக்கறதையும் கலந்துருவாங்க. அவன் என்ன சொல்லியிருப்பான்? கொஞ்ச நாள் போகட்டும்னு சொல்லியிருப்பான். அவ்வளவுதான் இருக்கும்.

கேன்டீன்ல டீ வாங்கிக் குடுத்தான். முறுக்கை அவன் கூட்டாளிங்களுக்குக் குடுத்தான். எல்லாரும் கையிலயே சிரிச்சுப் பேசிக்கறாங்க, நானும் சும்மா சிரிச்சு வெச்சேன். அந்தக் கூட்டத்துல ஒண்ணும் வெளங்காம உக்காந்திருந்தது நான் ஒருத்திதான்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான். அந்தப் பொண்ணு வரலை. பையைத் தூக்கிக்கிட்டான், எடம் புடிச்சு உக்கார வெச்சான், தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தான். பஸ் நகர்றப்ப ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு என்னமோ சொன்னான். எங்க கைப்பேச்சுல இல்ல, அந்தப் புதுக்கையில. நான் தெரியலைன்னு தலையை ஆட்டினேன். மறுபடி ஒருக்காச் செஞ்சான். அதுக்குள்ள வண்டி திரும்பிருச்சு.

நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியுதா பாரு. இப்படி, ரெண்டு கையையும் முன்னால வெச்சு, வெரலைக் கோத்து, அப்பறம் இப்படிப் பிரிச்சு. இல்ல, இப்படி. பிரிச்சுட்டு ஒரு கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனான்.

தெரியலையா? சரி விடு.

தீவாளி நோம்பிக்கு வர்றேன்னுதான் சொல்லியிருப்பான். ஆமா, அதுதான். வீட்டுக்காரர்கிட்ட அப்படித்தான் சொல்லப்போறேன். மேனேஜர்கிட்டயும் சொல்லணும், தீவாளி கழிச்சு வந்துருவான், அதுவரைக்கும் மெஷினை வேற யாருக்கும் குடுத்துராதீங்கன்னு.